கூடாரம் தைத்த பவுல்

கிறிஸ்தவ வேதாகமத்தின் புதிய ஏற்பாட்டில் 27 நூல்கள் இருக்கின்றன. அவற்றில் 13 நூல்கள் பவுல் என்பவரின் பெயரால் வழங்கும் கடிதங்கள். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாக உலகம் அவற்றைப் படித்து வருகிறது.

அந்தப் பவுல் அரண்மனைப் பண்டிதர் அல்ல. செல்வர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவரும் அல்ல. கூடாரம் தைத்துப் பிழைத்த தொழிலாளி! எழுதுகோல் பிடித்த நேரத்தைவிட, ஊசி பிடித்த நேரமே அவருக்கு அதிகம் என்று சொல்லலாம்.

ஆட்டு மயிர்த் துணி

இன்றைய துருக்கி நாட்டின் தென்பகுதியில் தர்சு என்ற பட்டணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் அது சிலிசியா நாட்டின் முக்கிய நகரம். அங்கே ஒரு யூதக் குடும்பத்தில் பவுல் பிறந்தார். சவுல் என்பது அவருடைய யூதப் பெயர். பிறவியிலேயே அவர் ரோமக் குடிமகன். அது பெரிய கௌரவம். ரோமக் குடிமகனை விசாரணை இல்லாமல் சாட்டையால் அடிக்கக்கூட முடியாது.

சிலிசியாவின் வெள்ளாடுகளுக்கு நீண்ட மயிர் உண்டு. அதை வெட்டி எடுத்து, முறுக்கி நூலாக்குவார்கள். தறியில் அகலம் குறைந்த பட்டைகளாக நெய்வார்கள். பட்டைகளை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்தால் கூடாரம் தயார். வெயில் நாளில் இழைகளின் நடுவே காற்று வரும். மழை பெய்தால் மயிர் நனைந்து உப்பி, இடைவெளியை அடைத்துக்கொள்ளும்! இந்த முரட்டுத் துணிக்கு ரோமர்கள் நாட்டின் பெயரையே வைத்து, சிலிசியம் என்றார்கள்.

பவுல் தைத்தது தோல் கூடாரம் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. ரோமப் படைவீரர்கள் தோல் கூடாரத்தில்தான் தங்கினார்கள். எதுவாக இருந்தால் என்ன? இரண்டுமே கை நோகும் தையல் வேலை. கத்தி, குத்தூசி, பெரிய ஊசி, மெழுகு தடவிய நூல். இவை ஒரு சிறு பைக்குள் அடங்கிவிடும். ஊர் ஊராகப் போகிறவருக்கு ஏற்ற தொழில்!

படித்தவர் கைத்தொழில் செய்யலாமா என்று அந்த நாளின் கிரேக்கரும் ரோமரும் கேட்பார்கள். உடல் உழைப்பு அடிமைகளுக்கு உரியது என்பது அவர்களுடைய மேல்குடியினரின் எண்ணம். யூதர்கள் அப்படி நினைக்கவில்லை. மகனுக்குத் தொழில் கற்றுக்கொடுப்பது தந்தையின் கடமை என்பது அவர்கள் மரபு. யோகனான் என்ற யூதப் பேரறிஞருக்குச் செருப்புத் தொழிலாளி என்பதே பட்டப்பெயர்.

சவுல் எருசலேமில் கமாலியேல் என்ற பெரிய ஆசானிடம் படித்தார். இயேசுவின் அடியார்களை முதலில் வெறுத்தார். ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றபோது, கொன்றவர்களின் மேலாடைகளுக்குக் காவலாக நின்றவர் அவர்தான். பிறகு தமஸ்கு நகருக்குப் போகும் வழியில் இயேசுவின் தரிசனம் கிடைத்து மனம் மாறினார் என்று வேதாகமம் சொல்லுகிறது. அதன்பின் ஊர் ஊராகச் சென்று அந்த இயேசுவைப் பற்றியே பேசினார்.

பட்டறைத் தோழர்கள்

கி.பி. 50-ஆம் ஆண்டையொட்டி அவர் கிரேக்க நாட்டின் கொரிந்து நகருக்கு வந்தார். இரண்டு துறைமுகங்களை வைத்திருந்த வியாபார நகரம் அது. மாலுமி, வணிகர், படைவீரர் என்று எந்நேரமும் கூட்டம். பக்கத்தில் இஸ்த்மியா என்ற இடத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெரிய விளையாட்டு விழாவும் நடக்கும். கப்பலுக்குப் பாய் வேண்டும், கடைக்குப் பந்தல் துணி வேண்டும், வெளியூர் ஆட்களுக்குக் கூடாரம் வேண்டும். ஊசி பிடிக்கத் தெரிந்தவருக்கு அங்கே வேலைக்குப் பஞ்சம் இருந்திருக்காது.

அங்கே ஒரு தம்பதி இருந்தார்கள். கணவர் பெயர் ஆக்கில்லா, மனைவி பெயர் பிரிஸ்கில்லாள். ரோமாபுரியிலிருந்து யூதர்கள் வெளியேற வேண்டும் என்று கிலவுதியு பேரரசர் உத்தரவு போட்டதால் ஊரை விட்டு வந்தவர்கள். அவர்களுக்கும் கூடாரத் தொழில்தான். பவுல் அவர்கள் வீட்டிலேயே தங்கினார். மூவரும் ஒன்றாக வேலை செய்தார்கள். கொரிந்தில் பவுல் ஒன்றரை ஆண்டுக்குமேல் இருந்தார்.

பணம் வேண்டாம்!

அந்த நாளில் ஊர் சுற்றும் ஞானிகள் பலர் கட்டணம் வாங்கிப் பாடம் சொன்னார்கள். செல்வர்கள் ஞானிகளை வீட்டில் வைத்துச் சோறு போடுவதைப் பெருமையாக நினைத்தார்கள். பவுல் கொரிந்து மக்களிடம் பணம் வாங்க மறுத்துவிட்டார்.

இதில்தான் தகராறு வந்தது. பிலிப்பி நகரத்து அன்பர்கள் அனுப்பிய உதவியை அவர் வாங்கிக்கொண்டார். அந்த ஊர்ப் பணம் ஆகும், எங்கள் பணம் ஆகாதா என்று கொரிந்தியருக்கு மனத்தாங்கல். எங்களிடம் அன்பு இல்லையோ என்ற சந்தேகம். தந்திரக்காரர் என்ற பேச்சும் கிளம்பியது. கைவேலை செய்கிறவர் எப்படிப் பெரிய போதகராவார் என்ற இளக்காரம் வேறு இருந்திருக்கும்.

பவுல் கடிதத்தில் பதில் எழுதினார். உழைத்தவன் கூலி வாங்க உரிமை உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டக்கூடாது என்ற பழைய யூதச் சட்டத்தையே எடுத்துக்காட்டினார். உரிமை இருக்கிறது, ஆனால் எனக்கு வேண்டாம் என்பதே அவர் கட்சி. போதனைக்கு அவர் விலை வைக்க விரும்பவில்லை. கொஞ்சம் பிடிவாதமும் இருந்தது என்றே தோன்றுகிறது. கோபமும் கிண்டலும் கலந்து, உங்களுக்குப் பாரமாக இராத குற்றத்தை மன்னியுங்கள் என்ற பொருளிலும் எழுதினார்.

இந்தப் பிடிவாதத்துக்கு அவர் கொடுத்த விலை அதிகம். கூலி கைக்கும் வாய்க்குமாக இருந்தது. தெசலோனிக்கே நகரில் இரவும் பகலும் வேலை செய்ததை அவரே எழுதியிருக்கிறார். பசி, தாகம், உடுக்க நல்ல துணி இல்லாமை எல்லாவற்றையும் கடிதங்களில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். கூடாரம் தைத்தவருக்கு உடை இல்லை!

உச்சி வேளைப் பாடம்

அடுத்து எபேசு நகரம். திறன்னு என்பவரின் பாடசாலையில் பவுல் இரண்டு ஆண்டுகள் நாள்தோறும் பேசினார். சில பழைய ஏட்டுப் பிரதிகள் நேரத்தையும் சொல்கின்றன: பகல் 11 மணி முதல் 4 மணி வரை. வெயிலுக்குப் பயந்து ஊரே வேலையை நிறுத்திப் படுக்கும் நேரம் அது. அப்போதுதான் இடம் காலியாக இருந்திருக்கும். தொழிலாளிக்கும் ஓய்வு கிடைத்திருக்கும்.

அவருடைய கைத்துணியையும் கச்சையையும் நோயாளிகளிடம் கொண்டுபோனார்கள் என்று வேதாகமம் சொல்லுகிறது. வியர்வை துடைக்கும் துணியும், வேலையின்போது இடுப்பில் கட்டும் துணியும்தான் அவை என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள்.

அதே எபேசில் இன்னொரு தொழிலாளி அவருக்கு எதிராகக் கிளம்பினார். தெமேத்திரியு என்ற வெள்ளி வேலைக்காரர். ஆர்ட்டெமிஸ் தேவியின் கோயிலைப்போல வெள்ளியில் சிறு கோயில்கள் செய்து விற்றவர். பவுலின் பேச்சால் பிழைப்பு போய்விடும் என்று தம் தொழிலாளிகளைத் திரட்டினார். சுமார் 25 ஆயிரம் பேர் உட்காரக்கூடிய நாடக அரங்கில் ஊர் திரண்டு கூச்சல் போட்டது. உள்ளே போகத் துடித்த பவுலை நண்பர்கள் தடுத்துவிட்டார்கள். பிழைப்பு போகிறதே என்ற தெமேத்திரியுவின் பயத்தை முழுவதும் குறை சொல்ல முடியுமா?

பிறகு மிலேத்து என்ற ஊரில், எபேசுச் சபையின் பெரியவர்களிடம் பவுல் விடைபெற்றார். தமக்கும் தம்மோடு இருந்தவர்களுக்கும் சோறு போட்டவை தம்முடைய கைகளே என்று அவர்களுக்கு நினைவூட்டினார். பிரிவு தாங்காமல் எல்லோரும் அழுதார்கள்.

மேலங்கி

எருசலேமில் பவுல் கைதானார். பேரரசரிடம் முறையிட்டு ரோமாபுரிக்குக் கப்பலேறினார். வழியில் மால்ட்டாத் தீவருகே கப்பல் உடைந்தது. ரோமாபுரியில் காவலுக்கு ஒரு படைவீரனோடு, வாடகை வீட்டில் இரண்டு ஆண்டுகள் இருந்தார். நீரோ மன்னன் காலத்தில் அவர் தலை வெட்டப்பட்டது என்பது கிறிஸ்தவ மரபு.

தீமோத்தேயுவுக்கு அவர் எழுதியதாக இரண்டு கடிதங்கள் இருக்கின்றன. இரண்டாவது கடிதம் சாவை எதிர்பார்க்கும் கைதியின் கடிதம். திரோவா ஊரில் கார்ப்பு என்பவரிடம் ஒரு மேலங்கியை விட்டுவந்ததாகவும், அதையும் புத்தகங்களையும் எடுத்துக்கொண்டு குளிர்காலத்துக்கு முன்பே வர வேண்டும் என்றும் அதில் கேட்டிருக்கிறார். முடிக்கும்போது சிலருக்கு வாழ்த்துச் சொல்லச் சொல்லுகிறார். அதில் முதல் இரண்டு பெயர்கள் பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா.