களமும் கடமையும்

விடுதலை பெற்ற இந்தியா முதன்முதலாகப் பங்கேற்ற ஒலிம்பிக் போட்டி 1948 ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்றது. தொடக்க விழா அணிவகுப்பில் மூவண்ணக் கொடியை ஏந்தி இந்திய வீரர்களுக்கு முன்னே நடந்தவர், முப்பது வயது மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர். இந்தியக் கால்பந்து அணியின் தலைவரும் அவரே. நாகர் மலைச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, நாட்டின் கொடியைத் தாங்கும் பெருமையை எய்திய அவர்தாம் தலிமெரன் ஆவோ.

இளமையும் தந்தையின் விருப்பமும்

ஆவோ, 1918 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 28 ஆம் நாள், இன்றைய நாகாலாந்து மாநிலத்தின் மோகோக்சுங் மாவட்டத்திலுள்ள சாங்கி என்னும் ஊரில் பிறந்தார். கிறித்தவச் சமயப் பணியாளரான சுபோங்வாட்டி நிங்டாரியின் பன்னிரண்டு மக்களுள் இவர் நான்காமவர். இம்பூரில் இருந்த சமயப்பணி மையத்தின் திடலே இவருடைய முதல் ஆடுகளம். கந்தல் துணியைச் சுற்றிச் செய்த உருண்டையே முதல் பந்து.

1935 ஆம் ஆண்டு தந்தையார் டைபாய்டு காய்ச்சலுக்கு இரையானார். மகன் மருத்துவராகித் தம் மக்களுக்குத் தொண்டாற்ற வேண்டும் என்பது அவரது விருப்பம். பதினேழு வயது இளைஞர் அதைத் தம் வாழ்வின் கடமையாக ஏற்றார்.

கல்வியும் கால்பந்தும்

ஜோர்காட்டில் பள்ளிக்கல்வி பயின்ற ஆவோ, குவாகாட்டியிலுள்ள காட்டன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு மகாராணா கழகத்தின் முன்கள ஆட்டக்காரராகப் புகழ் பெற்றார். 1942 ஆம் ஆண்டு கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. மறு ஆண்டே புகழ்மிக்க மோகன் பகான் கழகம் அவரைத் தன் அணியில் சேர்த்துக்கொண்டது.

அக்காலக் கால்பந்தில் முன்களத்தில் ஐவரும், பின்களத்தில் இருவரும், அவர்களுக்கு இடையில் மூவரும் ஆடுவர். இடையில் ஆடுபவரை 'ஆஃப் பேக்' என்பர். எதிரணியின் தாக்குதலைத் தடுப்பதும், மீட்ட பந்தை முன்கள வீரருக்குக் கொண்டு சேர்ப்பதும் அவர்தம் பணி. முன்களத்தில் ஆடி வந்த ஆவோவை மோகன் பகான் இவ்விடத்திற்கு மாற்றியது. கோல் அடிப்பவருக்குக் கிடைக்கும் ஆரவாரம் இவ்விடத்திற்கு வாய்ப்பதில்லை. ஆயினும், அணியைத் தாங்கும் தூண் அவரே என்பதை அனைவரும் உணர்ந்தனர். கழகத்தின் தலைமைப் பொறுப்பும் அவரைத் தேடி வந்தது.

இலண்டன் களத்தில்

1948 சூலை 31 அன்று, இல்ஃபோர்டு நகரிலுள்ள கிரிக்கிள்ஃபீல்டு திடலில் இந்திய அணி பிரான்சை எதிர்கொண்டது. இந்திய வீரர்களுள் பெரும்பாலோர் காலணி அணியாமலே களமிறங்கினர். வெறுங்காலால் ஆடுவதே அவர்களுக்குப் பழகிய முறை. முதலில் பிரான்சு ஒரு கோல் அடித்தது. இரண்டாம் பாதியில் சாரங்கபாணி ராமன் அதைச் சமன் செய்தார். எனினும், கிடைத்த இரு பெனால்டி வாய்ப்புகளையும் இந்திய அணி தவறவிட்டது. ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்சு இரண்டாவது கோலை அடித்து வென்றது. தோற்றாலும், வெறுங்காலுடன் இணையாகப் போராடிய இந்திய அணியைப் பார்வையாளர்கள் பாராட்டினர்.

மருத்துவப் பணி

நாடறிந்த அணித்தலைவருக்குக் கல்கத்தாவில் புகழும் வாய்ப்புகளும் குறைவின்றி இருந்தன. ஆனால், தாயகம் திரும்பிய ஆவோ படிப்பைக் கைவிடவில்லை. 1950 ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். சில ஆண்டுகளில் ஆடுகளத்திலிருந்து விடைபெற்று, 1953 ஆம் ஆண்டு கோகிமாவிலுள்ள நாகா மருத்துவமனையில் பணியேற்றார். அவர் பணியாற்றிய காலத்தில் நாகர் மலைப்பகுதி அமைதியிழந்திருந்தது. சாலை வசதி குறைந்த அம்மலைநாட்டில் நோயாளிகளுக்குத் தொண்டாற்றிய அவர், படிப்படியாக உயர்ந்து நாகாலாந்து மாநிலச் சுகாதாரத் துறையின் இயக்குநரானார். 1978 ஆம் ஆண்டு பணி ஓய்வு பெற்றார்.

நிலைத்த புகழ்

1998 செப்டம்பர் 13 அன்று, தம் எண்பதாம் வயதில் ஆவோ மறைந்தார். அசாமில் விளையாட்டரங்குகள் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன. அவர் பிறந்த நூற்றாண்டான 2018 ஆம் ஆண்டு இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது.

விளையாட்டா, படிப்பா என்னும் கேள்வி இன்றும் பல இல்லங்களில் எழுகின்றது. ஆவோ இரண்டையும் ஏற்றார். ஒன்றுக்காக மற்றொன்றைக் குறைவாகச் செய்யவில்லை. களத்தில் தடுத்தும் கொடுத்தும் அணியைக் காத்தவர், மருத்துவமனையில் நோயைத் தடுத்து நலத்தைக் கொடுத்தார். தந்தைக்கு அளித்த சொல்லை, ஆரவாரம் மிக்க நாள்களிலும் மறவாது காத்ததே அவரது வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.