கப்பலைத் தாங்கும் கரை

தீவுத் துறைமுகத்தில் கலம் அணையும்போது, எறியப்படும் வடத்தைப் பற்றிக் கட்டக் கரையில் கைகள் வேண்டும். வ.உ.சிதம்பரனாரின் வாழ்வை எண்ணும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான். நான் வாழும் கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் இடையே உள்ள ஊர்; கடலுக்கு வெகுதொலைவு. ஆயினும் கப்பலோட்டிய தமிழனை இங்கே அறியாதார் இல்லை. கப்பலுக்குப் பின்பு அவருக்கு நேர்ந்ததைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

1872 செப்டம்பர் 5இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த அவர், தொழிலால் வழக்கறிஞர். பாய்மரத் தோணிகள் கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்ற தூத்துக்குடிக் கடலில், நீராவிக் கப்பல் போக்குவரத்து ஆங்கிலேயக் கம்பெனி ஒன்றின் பிடியில் இருந்தது. அதை எதிர்த்து 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவுசெய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். ஹாஜி முகமது பக்கீர் சேட் மட்டுமே 2 லட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கினார்.

முதலில் வாடகைக் கப்பலே ஓடியது. ஆங்கிலேயக் கம்பெனியின் நெருக்கடியால் அதன் உரிமையாளர்கள் பின்வாங்கியபோது, வ.உ.சி. கொழும்புக்கே சென்று வேறொரு கப்பலை அமர்த்தினார். பின்னர் பம்பாய் சென்று ‘காலியா’ கப்பலுடன் திரும்பினார். கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தும் எதிர்த்தரப்பால் அவரை வீழ்த்த இயலவில்லை.

வீழ்த்தியது அரசு. தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்றவரை 1908 மார்ச் 12இல் கைதுசெய்து, இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்த துயரம் குறையவில்லை. அவர் சிறையில் இருந்தபோதே, 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. 1912 டிசம்பரில் கண்ணூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தவருக்குக் கப்பலும் இல்லை, வழக்கறிஞர் உரிமமும் இல்லை. சென்னையில் வறுமையோடு போராடினார். அந்நிலையிலும் தமிழை விடவில்லை. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தார். 1936 நவம்பர் 18இல் தூத்துக்குடியில் மறைந்தார்.

கடலில் அவர் தோற்கவில்லை என்பதே என் துணிபு. சிறைப்பட்டவரின் கப்பலைக் காக்க வேண்டிய கரை கைவிட்டது. பங்குதாரர்கள் தளர்ந்தார்கள், நாட்டின் பெருந்தனக்காரர்கள் பொறுப்பேற்க முன்வரவில்லை. ஒருவரின் தியாகத்தைப் போற்றுவது எளிது. அவர் தொடங்கிய பணியைத் தோளில் ஏற்பது அரிது.

2011இல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் கொழும்புக்குத் தொடங்கிய பயணிகள் கப்பல் சில மாதங்களிலேயே நின்றுபோனது. பெயர் நிலைத்துவிட்டது. அவர் ஓட்டிய வழித்தடத்தில் மீண்டும் ஒரு கப்பல் நிலையாக ஓடும் நாளே அவருக்கு நாம் செய்யும் உண்மையான சிறப்பு.