சங்கர் தேர்ந்தெடுத்த பணி

படம் வரையும் ஆற்றல் பலரிடம் உண்டு. அந்த ஆற்றலை எந்தப் பணியில் செலுத்துவது என்று முடிவு செய்வதுதான் கடினம். அம்முடிவை வாழ்நாளில் மும்முறை எடுக்க நேர்ந்தவர், இந்திய அரசியல் கேலிச்சித்திரக் கலையின் தந்தை எனப் போற்றப்படும் கேசவ சங்கரப் பிள்ளை. மக்கள் அவரைச் சங்கர் என்றே அழைத்தனர்.

சங்கர் 1902ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் கேரளத்தின் காயங்குளத்தில் பிறந்தார். பள்ளியில் படித்தபோது, வகுப்பில் உறங்கிக்கொண்டிருந்த ஆசிரியரைப் படமாக வரைந்து தலைமையாசிரியரின் கோபத்துக்கு ஆளானார். அவருடைய மாமாவோ சிறுவனின் திறமையைக் கண்டு ஊக்கமளித்தார். சங்கர் மாவேலிக்கரையில் ஓவியம் பயின்றார். திருவனந்தபுரத்தில் பட்டப்படிப்பை முடித்தார்.

1927ஆம் ஆண்டில் சட்டம் படிக்கப் பம்பாய்க்குச் சென்றார். வழக்கறிஞர் தொழில் அக்காலத்தில் மதிப்பும் வருவாயும் தரக்கூடியது. ஆயினும், படிப்பில் அவர் மனம் ஒன்றவில்லை. அதைப் பாதியில் விட்டு வேலைக்குச் சேர்ந்தார். ஓய்வு நேரத்தில் கேலிச்சித்திரங்கள் வரைந்து நாளிதழ்களுக்கு அனுப்பினார். பொழுதுபோக்காக வரைந்த படங்களே அவருக்குப் புதிய வாயிலைத் திறந்தன. 1932ஆம் ஆண்டு டெல்லியில் இந்துஸ்தான் டைம்ஸ் நாளிதழ் அவரைக் கேலிச்சித்திரக்காரராக அமர்த்திக்கொண்டது. சங்கர் குடும்பத்துடன் டெல்லியில் குடியேறினார். இடையில் இலண்டன் சென்று, ஏறத்தாழ 14 மாதங்கள் ஓவிய நுணுக்கங்களைக் கற்றுத் திரும்பினார்.

ஆங்கிலேய அரசப் பிரதிநிதிகளும் இந்தியத் தலைவர்களும் அவருடைய தூரிகைக்குத் தப்பவில்லை. 1939ஆம் ஆண்டில் ஜின்னாவைப் பற்றி அவர் வரைந்த ஒரு படம் காந்தியடிகளுக்கு உவப்பாக இல்லை. படத்தின் கலைநயத்தைப் பாராட்டிய காந்தியடிகள், உண்மை பிறழாமலும் பிறர் மனம் புண்படாமலும் நகைக்கத் தெரிய வேண்டும் என்று கடிதம் வழி அறிவுறுத்தினார். கேலிச்சித்திரக்காரருக்குக் கைத்திறன் மட்டும் போதாது என்பதை அக்கடிதம் உணர்த்தியது.

1946ஆம் ஆண்டில் சங்கர் அந்த நாளிதழிலிருந்து விலகினார். மாதச் சம்பளம் தந்த பாதுகாப்பை விட்டு, தமக்கென ஓர் இதழ் நடத்தத் துணிந்தார். 1948ஆம் ஆண்டு மே மாதம் சங்கர்ஸ் வீக்லி என்னும் வார இதழைப் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். தம்மையும் விட்டுவைக்க வேண்டாம் என்று நேரு கேட்டுக்கொண்டார். சங்கரும் விட்டுவைக்கவில்லை, நட்பு வேறு, விமர்சனம் வேறு என்பதில் இருவரும் தெளிவாக இருந்தனர். ஆபு ஆபிரகாம், ஓ. வி. விஜயன் போன்ற கலைஞர்கள் அவ்விதழில் பணியாற்றிப் பின்னாளில் புகழ்பெற்றனர்.

1949ஆம் ஆண்டு சங்கர் சிறுவர்களுக்கான ஓவியப் போட்டி ஒன்றைத் தொடங்கினார். இதழின் துணைப்பணியாகப் பிறந்த அப்போட்டியில் விரைவிலேயே பல நாட்டுச் சிறுவர்களும் பங்கேற்றனர். போட்டிக்குப் பரிசாக ஹங்கேரி நாட்டுத் தூதர் ஒரு பொம்மையை வழங்கினார். அதைக் கண்ட சங்கருக்குப் பொம்மைகள் சேகரிக்கும் ஆர்வம் பிறந்தது. 1957ஆம் ஆண்டில் சிறுவர் நூல்களை வெளியிட ஓர் அறக்கட்டளையை நிறுவினார். குறைந்த விலையில் நல்ல நூல்கள் குழந்தைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1965ஆம் ஆண்டில் டெல்லியில் அனைத்துலகப் பொம்மை அருங்காட்சியகத்தையும் திறந்தார். அரசியல்வாதிகளை வரைந்த கை குழந்தைகளுக்காகக் கதைகளும் எழுதியது.

1975ஆம் ஆண்டு இந்தியாவில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது; பத்திரிகைகள் தணிக்கைக்கு உள்ளாயின. சிரிப்புக்கு இடமில்லாத சூழலில் நகைச்சுவை இதழ் நடத்துவதில் பொருளில்லை எனச் சங்கர் கருதினார். 27 ஆண்டுகள் வளர்த்த இதழை அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் நிறுத்தினார். அப்போது அவருக்கு வயது 73. வேறொருவராக இருந்தால் அத்துடன் ஓய்ந்திருப்பார். சங்கரோ குழந்தைகளுக்கான பணியில் முழுமையாக ஈடுபட்டார். 1976ஆம் ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது. 1989ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

அவர் பெரிதாக எண்ணித் தொடங்கிய இதழ் அவர் வாழ்நாளிலேயே நின்றது. துணைப்பணியாகத் தோன்றிய போட்டியும், அதன்வழி வளர்ந்த அறக்கட்டளையும் அருங்காட்சியகமும் அவருக்குப் பின்னும் நிலைத்தன. புக்கிட் செலம்பாவ் போன்ற ஊர்களிலும் குறிப்பேட்டின் ஓரத்தில் சித்திரக்கதை வரையும் மாணவர்கள் உள்ளனர். எந்தப் பணி நிலைக்கும் என்பது தொடக்கத்திலேயே தெரிவதில்லை. கையிலுள்ள பணியை நேர்மையாகச் செய்துகொண்டே அடுத்த பணிக்கும் மனத்தைத் திறந்து வைத்திருந்தார் சங்கர். அவர் எடுத்த முடிவுகளின் வலிமை அதில்தான் இருந்தது.