பழைய சரக்கில் புதுமை கண்ட பொறியாளர்

படித்துவிட்டு எந்திரம் பழுதுபார்க்கவா போகப்போகிறாய் என்று என் தந்தையார் கேட்பதுண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அவர் கவலை நியாயமே. அப்போதெல்லாம் ஜப்பான் நாட்டுக் குன்பெய் யோகோய் என் நினைவுக்கு வருவார்.

1941-இல் பிறந்த அவர், மின்னணுவியல் பயின்று 1965-இல் கியோட்டோ நகரிலிருந்த நிண்டெண்டோ நிறுவனத்தில் சேர்ந்தார். கிடைத்ததோ சீட்டுக்கட்டு எந்திரங்களைப் பராமரிக்கும் வேலை! பொழுதுபோக்காக அவர் செய்த நீளும் கைப் பொம்மை தலைவர் யமாவுச்சியின் கண்ணில் பட்டது. தண்டனை வரவில்லை, 1966-இல் பொம்மையே விற்பனைக்கு வந்தது. பராமரிப்பாளர் ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவராக உயர்ந்தார்.

கால்குலேட்டர்களால் மலிவாகிவிட்ட திரவப்படிகத் திரையைக் கொண்டு, 1980-இல் கேம் அண்ட் வாட்ச் என்னும் கையடக்க விளையாட்டுக் கருவியைப் படைத்தார். 1989-இல் அவர் பிரிவு உருவாக்கிய கேம் பாய்க்கு வண்ணத்திரை கிடையாது. வண்ணம் காட்டிய போட்டிக் கருவிகள் ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தன. கேம் பாய் நான்கைக் கொண்டே பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது, கோடிக்கணக்கில் விற்றது.

1995-இல் வந்த வர்ச்சுவல் பாய் படுதோல்வி. அதுவும் அவர் படைப்பே, மறைப்பானேன்? மறு ஆண்டு விலகிச் சொந்த நிறுவனம் தொடங்கினார். 1997 அக்டோபரில் சாலை விபத்தில் மாண்டார். அவர் பங்கேற்று உருவாக்கிய வொண்டர்ஸ்வான் 1999-இல் வெளிவந்தது. அதற்கு ஒரே ஒரு பேட்டரிதான்.