ஹால்டேனின் கடைசிப் பயணம்: உடல் தானத்துக்கு உயில் மட்டும் போதுமா?

1964 டிசம்பர் 1. புவனேஸ்வரில் மரபியல் அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன் இறந்தார். அவர் உடலை எரிக்கவும் இல்லை, புதைக்கவும் இல்லை. அவர் உயிலில் எழுதியிருந்தபடி, காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்கள்.

யார் இந்த ஹால்டேன்?

1892-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தவர். அப்பா ஜான் ஸ்காட் ஹால்டேன், சுரங்க விஷவாயுக்களைத் தானே சுவாசித்துப் பார்த்த உடலியல் அறிஞர். மகனும் சின்ன வயதிலேயே அந்தச் சோதனைகளில் சேர்ந்துகொண்டார். 1939-ல் தீட்டிஸ் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கிப் பலர் இறந்தபோது, காரணம் அறிய அழுத்த அறைக்குள் போய் உட்கார்ந்தவர்களில் இவரும் ஒருவர். டார்வினின் இயற்கைத் தேர்வையும் மெண்டலின் மரபியலையும் கணக்குப் போட்டு இணைத்தவர்களிலும் இவர் பெயர் உண்டு.

1957-ல் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். சைவ உணவுக்கு மாறினார். 1961-ல் இந்தியக் குடிமகனானார். மறு ஆண்டு புவனேஸ்வருக்குப் போனார். புற்றுநோய் வந்தபோது அதைக் கிண்டலடித்துக் கவிதையே எழுதினார். உயிரோடு இருக்கும்போது உடலைச் சோதனைக்குக் கொடுத்தவர், இறந்த பிறகு பாடத்துக்குக் கொடுத்தார்.

எழுதி வச்சா போதுமா?

போதாது. உயிலைப் பல வீடுகளில் காரியம் முடிந்த பிறகுதான் பிரிப்பார்கள். கல்லூரிக்குச் சொல்ல வேண்டியதும் உடலை ஒப்படைக்க வேண்டியதும் குடும்பம்தான்.

உடல் தானம் வேறு, உறுப்பு தானம் வேறு. தமிழ்நாடு உடற்கூறியல் சட்டம், 1951 உடற்கூறியல் படிப்புக்கானது. உறுப்புகளுக்கு 1994-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன்படி எழுத்துப்பூர்வ சம்மதத்துக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். அதில் ஒருவராவது நெருங்கிய உறவினராக இருக்க வேண்டும். மூளைச்சாவை மருத்துவர் குழு குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து உறுதி செய்யும்.

கண்களை 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். கண் தவிர மற்ற உறுப்புகளை எடுத்துவிட்டாலோ, பிரேதப் பரிசோதனை நடந்திருந்தாலோ, கல்லூரிகள் பொதுவாக உடலை ஏற்பதில்லை.

ஹால்டேனின் உடல் ஒடிசாவிலிருந்து ஆந்திரா வரை போக வேண்டியிருந்தது. திமிரியில் இருப்பவருக்குப் பக்கத்திலேயே வேலூரில் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே உடற்கூறியல் துறையில் படிவம் கேட்டு வாங்கலாம். ஆனால் அதற்கு முன்னாடி, வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை பேசிவிடுங்கள். அந்த நாளில் கல்லூரிக்கு போன் போடப் போவது அவர்கள்தான்.