பிரம் பிரகாஷ்: அணு உலைக்கும் ராக்கெட்டுக்கும் உலோகம் தேடிய பெங்களூரு பேராசிரியர்

ஒரு இரும்புக் கம்பியை எடுத்து, ஒரே இடத்தில் இப்படியும் அப்படியுமா வளைச்சுக்கிட்டே இருங்க. கொஞ்ச நேரத்தில் பட்டுனு உடைந்துவிடும். முதல் முறை தாங்கிய கம்பி கடைசியில் ஏன் தாங்கவில்லை? இதைத்தான் 'உலோகச் சோர்வு' என்கிறார்கள்.

1954-ல் பிரிட்டனின் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு நடுவானில் சிதறியதற்கும் இதுவே காரணம். கேபினில் காற்றழுத்தம் ஏறி இறங்க, உடல் தகட்டில் விரிசல் வளர்ந்துவிட்டது. அந்தச் சமயத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் உலோகவியல் துறைக்குத் தலைவராக இருந்தவர்தான் பிரம் பிரகாஷ்.

யார் இவர்?

1912-ல் லாகூரில் பிறந்தவர். அமெரிக்காவின் எம்ஐடி-யில் ஆய்வுப் பட்டம் பெற்றார். 1951-ல் பெங்களூரு வந்தார். அந்தத் துறைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியர் இவரே.

உலோகத்தை எப்படிப் பலப்படுத்துவது?

சுத்தமான உலோகத்தில் அணு அடுக்குகள் எளிதாக வழுக்கும். அதனால்தான் அது சீக்கிரம் வளைகிறது. வேறு தனிமங்களைச் சேர்த்தால், அந்த அணுக்கள் நடுவே நின்று வழுக்கலைத் தடுக்கும். கலப்புலோகத்தின் ரகசியம் இதுதாங்க. அதேசமயம் உள்ளே துளி அழுக்கு இருந்தாலும் விரிசல் அங்கிருந்து தொடங்கலாம். ஆக, எதைச் சேர்க்கிறோம் என்பது போலவே எதை நீக்குகிறோம் என்பதும் முக்கியம்.

நீக்குவதில் என்ன சிக்கல்?

1957-ல் டிராம்பே அணுசக்தி மையத்துக்குப் போன பிரகாஷுக்கு இதுவே சவாலானது. யுரேனியத்தை மூடும் குழாய்களுக்கு, நியூட்ரானை விழுங்காத சிர்கோனியம் தேவை. ஆனா அதனுடன் இயற்கையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் ஹாஃப்னியம் நியூட்ரானை விழுங்கிவிடும். இரண்டும் வேதியியல்படி இரட்டைப் பிள்ளைகள் மாதிரி; பிரிப்பது லேசான வேலை இல்லை. அந்தத் தொழில்நுட்பம் இந்தியாவிலேயே உருவானது. ஹைதராபாத்தில் அணு எரிபொருள் வளாகம் எழுந்ததில் இவர் பங்கு பெரியது.

இதனால் என்ன பலன்? 1974 பொக்ரான் சோதனைக்குப் பிறகு கனடா உதவியை நிறுத்திக்கொண்டது. எரிபொருள் குழாய்க்கும் வெளிநாட்டையே நம்பியிருந்தால் நம் உலைகளின் கதி என்னவாகியிருக்கும், யோசிச்சுப் பாருங்க.

ராக்கெட்டுக்கு எப்படி வந்தார்?

விக்ரம் சாராபாயின் மறைவுக்குப் பிறகு, 1972-ல் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் முதல் இயக்குநரானார். அங்கே எஸ்எல்வி-3 திட்டத்தை நடத்தியவர் ராமேஸ்வரத்து அப்துல் கலாம். 1979 ஆகஸ்டில் அந்த ராக்கெட் கடலில் விழுந்தது. 1980 ஜூலையில் வென்றது. அந்த நாட்களில் பிரகாஷ் தந்த ஆதரவை கலாம் தன் 'அக்னிச் சிறகுகள்' நூலில் நன்றியோடு பதிவு செய்திருக்கிறார்.

பிரகாஷ் 1984-ல் காலமானார். பின்னாளில் பிஎஸ்எல்வி-யின் முதல் நிலை உறை, நிக்கல் கலந்த 'மாரேஜிங்' எஃகில் உருவானது. அடுத்த முறை பிஎஸ்எல்வி கிளம்பும்போது அந்த உறையையும் கொஞ்சம் கவனிங்க. உள்ளே எரியும் நெருப்பின் அழுத்தத்தைத் தாங்கி நிற்பது அதுதான்.