கால்வாயை மீட்ட கர்னல்

நம்ம சிவில் பிரிவு மாணவர்களிடம் அஸ்வான் அணை என்று சொன்னால் போதும். உயரம் 111 மீட்டர், அடித்தளத்தின் அகலம் 980 மீட்டர், கல்லும் மணலும் கொட்டி நடுவில் களிமண் வைத்துக் கட்டிய அணை என்று கடகடவென்று ஒப்பித்துவிடுவார்கள். எலெக்ட்ரிகல் நண்பர்கள் தங்கள் பங்குக்கு 12 டர்பைன், 2100 மெகாவாட் என்பார்கள். நல்லது! ஆனால் அந்த அணைக்காக ஒரு கால்வாய் தேசவுடைமை ஆனது, அந்தக் கால்வாய்க்காக மூன்று நாடுகள் படையெடுத்து வந்தன, அத்தனைக்கும் நடுவில் நின்றவர் ஒரு தபால் ஆபீஸ் குமாஸ்தாவின் மகன் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தான் கமால் அப்துல் நாசர்.

1918 ஜனவரி 15 அன்று அலெக்சாண்டிரியாவில் பிறந்தார். பூர்வீகம் தெற்கே அஸ்யூத் பக்கம் பெனி மூர் என்ற கிராமம். அப்பாவுக்குத் தபால் துறையில் வேலை. ஊர் ஊராக மாற்றல். படிப்புக்காகப் பையனைக் கெய்ரோவில் சித்தப்பா வீட்டில் விட்டிருந்தார்கள். அங்கிருந்து அம்மாவுக்குக் கடிதம் எழுதுவான், அம்மாவிடமிருந்து பதில் வரும். 1926-இல் ஒரு கட்டத்தில் பதில் நின்றுபோனது. விடுமுறைக்கு ஊருக்குப் போன பிறகுதான் அம்மா இறந்து சில வாரங்கள் ஆகிவிட்டன என்று தெரிந்தது. சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. எட்டு வயதுப் பையன்! கொஞ்ச நாளில் அப்பா மறுமணமும் செய்துகொண்டார். நாசர் யாரிடமும் மனம்விட்டுப் பேசாதவராக வளர்ந்ததற்கு இதுதான் காரணம் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் பலர் கருதுகிறார்கள்.

அப்போது எகிப்துக்கு ஒரு ராஜா இருந்தார், ஒரு பார்லிமெண்ட் இருந்தது, 1922-இல் கொடுத்த சுதந்திரம் என்று ஒரு காகிதமும் இருந்தது. ஆனால் குடுமி பிரிட்டிஷ்காரன் கையில். 1935 நவம்பரில் கெய்ரோ மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். போலீஸ் சுட்டது. உயர்நிலைப் பள்ளி மாணவரான நாசரின் நெற்றியை ஒரு குண்டு உரசிக்கொண்டு போனது. கொஞ்சம் தள்ளிப் பட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. பிறகு ராணுவக் கல்லூரிக்கு மனுப் போட்டால், ஊர்வலத்தில் போனவன் என்று தள்ளிவிட்டார்கள். சிபாரிசும் கிடையாது, பணமும் கிடையாது. சில மாதம் சட்டக் கல்லூரியில் உட்கார்ந்து பார்த்தார். மறுபடியும் முயன்று, 1937-இல் ராணுவக் கல்லூரியில் இடம் பிடித்தார். குமாஸ்தா வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு அப்போதுதான் கொஞ்சம் திறந்திருந்தது.

ராணுவத்தில் கிடைத்த உயிர் நண்பன் அப்துல் ஹக்கீம் ஆமிர். தாராளமானவர், சிரித்துப் பேசுகிறவர், நாசருக்கு நேர் எதிர். தன் கடைசி மகனுக்கு நாசர் அந்த நண்பனின் பெயரையே வைத்தார் என்றால் எப்பேர்ப்பட்ட நட்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பெயரை ஞாபகம் வைத்திருங்கள் நண்பர்களே, பின்னால் வேண்டியிருக்கும்.

1942 பிப்ரவரியில் பிரிட்டிஷ் டாங்கிகள் கெய்ரோ அரண்மனையைச் சுற்றி நின்றன. நாங்கள் சொல்லும் ஆளைப் பிரதமராக்கு, இல்லாவிட்டால் முடியைக் கழற்று என்று தூதர் ராஜாவுக்கு நிபந்தனை போட்டார். ராஜா ஃபரூக் பணிந்தார். இளம் அதிகாரிகளுக்கு அது தீராத அவமானம். அடுத்து 1948 பாலஸ்தீனப் போர். ஃபலூஜா என்ற ஊரில் நாசரின் படைப்பிரிவை இஸ்ரேல் ராணுவம் மாதக்கணக்கில் சூழ்ந்து நின்றது. கையில் சரியான ஆயுதம் இல்லை, மேலிடத்திலிருந்து சரியான உத்தரவும் இல்லை. ஆனாலும் 1949 பிப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வரும்வரை அவர்கள் சரணடையவில்லை. எதிரி முன்னால் இருக்கிறான் என்று நினைத்து வந்தோம், அவன் கெய்ரோவில் அல்லவா இருக்கிறான் என்ற எண்ணத்தோடு திரும்பினார்கள்.

1952 ஜூலை 23. ஒரே ராத்திரியில் ஆட்சி கைமாறியது. ஃபரூக்கைச் சுட வேண்டும் என்று சிலர் சொன்னபோது நாசர் தடுத்தார். ஜூலை 26 அன்று ராஜா தன் சொகுசுக் கப்பலில் ஏறிப் போய்ச் சேர்ந்தார். முகப்புக்கு ஜெனரல் நகீப், பின்னால் நாசர். அதே செப்டம்பரில் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒருவருக்கு 200 ஃபெதான், அதாவது ஏறத்தாழ 200 ஏக்கர்தான். 1954-இல் நகீப்பை வீட்டுக்காவலில் வைத்துவிட்டு நாசரே முன்னால் வந்தார். அந்த வருஷம் அக்டோபரில் அலெக்சாண்டிரியாவில் மேடையில் பேசிக்கொண்டிருந்தவரை நோக்கி எட்டுக் குண்டுகள் பாய்ந்தன. ஒன்றும் படவில்லை. மனிதர் பேச்சை நிறுத்தவும் இல்லை! அதன்பின் முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தார் ஆயிரக்கணக்கில் சிறைக்குப் போனார்கள், ஆறு பேர் தூக்கில் தொங்கினார்கள். பின்னால் கம்யூனிஸ்டுகளும் போனார்கள். பத்திரிகைகள் 1960-இல் அரசாங்கத்தின் கைக்குள் வந்தன. சிறைக்குள் நடந்த சித்திரவதைகளை நாசரின் ரசிகர்கள் பேசுவதில்லை. நாம் பேசாமல் போகக்கூடாது.

இப்போது அணைக்கு வருவோம். எகிப்தில் விவசாயம் என்றால் நைல் நதி ஒன்றுதான். அது ஒரு வருஷம் வெள்ளமாக வரும், இன்னொரு வருஷம் காய்ந்து கிடக்கும். அஸ்வானில் பெரிய அணை கட்டிவிட்டால் தண்ணீரும் ஆச்சு, மின்சாரமும் ஆச்சு. உலக வங்கி 20 கோடி டாலர் கடனும், அமெரிக்கா 5 கோடியே 60 லட்சமும், பிரிட்டன் 1 கோடியே 40 லட்சமும் தருவதாக ஏற்பாடு. ஆனால் நாசர் 1955-இல் பாண்டுங் மாநாட்டுக்குப் போய் நேருவோடு நின்றார், செக்கோஸ்லவாக்கியா வழியாக சோவியத் ஆயுதம் வாங்கினார், செஞ்சீனாவை அங்கீகரித்தார். அமெரிக்காவுக்குக் கோபம். 1956 ஜூலையில் யுகோஸ்லாவியாவின் பிரியோனித் தீவில் டிட்டோ, நேரு, நாசர் மூவரும் சந்தித்தார்கள். அது முடிந்து நாசரும் நேருவும் ஒன்றாகக் கெய்ரோ திரும்பிய அந்த வேளையில்தான், ஜூலை 19-இல், அமெரிக்கா கையை விரித்துவிட்ட சேதி வந்தது.

ஒரே வாரம்தான். சூயஸ் கால்வாயை எடுத்துக்கொண்டு அதன் வருமானத்தில் அணை கட்டுவது என்று நாசர் முடிவு செய்தார். 1869-இல் திறந்த கால்வாய். தோண்டியது எகிப்தியக் கூலிகள், சம்பாதித்தது பிரிட்டன், பிரான்ஸ் பங்குதாரர்கள். சரி, எடுப்பது பெரிய காரியமில்லை, ஓட்டுவது யார்? இங்கேதான் நாசரின் சாமர்த்தியம். அவர் கூப்பிட்டது மஹ்மூத் யூனுஸ் என்ற ராணுவ இன்ஜினியரை. பெட்ரோலியத் துறையை நடத்திக் காட்டியவர். இரண்டு நாள் அவகாசம். யூனுஸ் சின்னக் குழுவாக ஆட்களைப் பொறுக்கி இஸ்மாயிலியா, போர்ட் சயீத், சூயஸ் என்று பிரித்து அனுப்பினார். ஜூலை 26 மாலை நாசர் ரேடியோவில் பேசும்போது கால்வாயை வெட்டிய பிரெஞ்சுக்காரர் லெசப்ஸின் பெயரைச் சொல்வார், அதுதான் சமிக்ஞை. ஒருவேளை காதில் விழாமல் போய்விட்டால் என்று நாசர் அந்தப் பெயரைப் பல தடவை சொன்னார். கூட்டத்தில் இருந்தவர்களுக்கு இவர் ஏன் லெசப்ஸையே கட்டிக்கொண்டு அழுகிறார் என்று தோன்றியிருக்கும்! பேச்சு முடிவதற்குள் ஆபீஸ்கள் கைக்கு வந்துவிட்டன.

அடுத்தது தொழில்நுட்பச் சோதனை. கால்வாயில் கப்பலை நடத்திப் போக பைலட் வேண்டும். இருந்த சுமார் 200 பேரில் எகிப்தியர் ஏறத்தாழ 40 பேர்தான். செப்டம்பர் நடுவில் மேல்நாட்டு பைலட்டுகள் மொத்தமாக வேலையை விட்டுப் போனார்கள். பத்தாததற்கு, கால்வாய் திணற வேண்டும் என்றே கப்பல்களைக் கூட்டமாக அனுப்பினார்கள். இருந்த எகிப்தியர்களும் கிரேக்கர்களும் தூக்கம் இல்லாமல் மாற்றி மாற்றி வேலை பார்த்தார்கள். வேறு நாடுகளிலிருந்தும் ஆள் வந்து சேர்ந்தது. கப்பல் நிற்கவில்லை. கறுப்பர்களுக்கு ஓட்டத் தெரியாது என்ற வாதம் ஒரே வாரத்தில் கப்பலேறிப் போனது. டெக்னிக்கல் படிப்பவர்களாகிய நாம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள வேண்டிய இடம் இது.

அக்டோபர் 29 அன்று இஸ்ரேல் சினாய்க்குள் நுழைந்தது. பிரிக்கிறோம் என்ற பெயரில் பிரிட்டனும் பிரான்சும் குண்டு போட்டு, போர்ட் சயீதில் இறங்கின. மூன்று பேரும் முன்கூட்டியே பேசிவைத்துச் செய்த நாடகம் அது. எகிப்திய விமானப்படை தரையிலேயே எரிந்தது. சண்டையில் எகிப்து ஜெயிக்கவில்லை. ஆனால் அமெரிக்கா, சோவியத் இரண்டுமே எதிர்த்ததால் டிசம்பருக்குள் பிரிட்டனும் பிரான்சும் மூட்டை கட்டின. ஐ.நா. அமைதிப்படை வந்தது, அதில் இந்திய ஜவான்களும் இருந்தார்கள். மூழ்கடித்த கப்பல்களை அகற்றி 1957 ஏப்ரலில் கால்வாய் திறந்தது. நாசர் அரபு உலகம் முழுவதற்கும் கதாநாயகன் ஆனார். டீக்கடை ரேடியோவில் எல்லாம் அவர் குரல்தான்.

இனிமேல்தான் கதை மாறுகிறது. கால்வாய்க்கு ஆள் தேடியபோது, வேலை தெரிந்தவர் யார் என்று பார்த்தவர், ராணுவத்துக்கு ஆள் தேடும்போது, எனக்கு வேண்டியவர் யார் என்று பார்த்தார். 1953-இலேயே நண்பர் ஆமிரை மேஜர் பதவியிலிருந்து ஒரே தாவலில் மேஜர் ஜெனரலாக்கி, மொத்த ராணுவத்துக்கும் தலைவராக்கிவிட்டார். ஆமிர் ராணுவத்தை உறவுக்காரர் கல்யாணம் மாதிரி நடத்தினார். வந்தவர்க்கெல்லாம் உபசாரம், பதவி. 1956-இல் விமானங்களைத் தரையிலேயே பறிகொடுத்த விமானப்படைத் தளபதி சித்கி மஹ்மூதை மாற்ற வேண்டும் என்று நாசர் கேட்டார். ஆமிர் முடியாது என்றார். நாசர் விட்டுக்கொடுத்தார்.

1958-இல் சிரியா தானாக வந்து எகிப்தோடு இணைந்தது. ஐக்கிய அரபுக் குடியரசு! அங்கே நிர்வாகம் பார்க்க அனுப்பியது யாரை? ஆமிரைத்தான். சிரியாக்காரர்களுக்குத் தங்கள் நாட்டிலேயே இரண்டாம் இடம். 1961 செப்டம்பரில் புரட்சி நடத்திப் பிரித்தவர்களில் முக்கியமானவர் ஆமிரின் ஆபீசிலேயே வேலை பார்த்த நஹ்லாவி என்ற அதிகாரி. ஆமிரை விமானத்தில் ஏற்றிக் கெய்ரோவுக்கு அனுப்பிவைத்தார்கள். அப்போதும் பதவி போகவில்லை. 1962-இல் ஏமன் நாட்டு உள்நாட்டுப் போரில் குடியரசுக்காரர்களுக்கு ஆதரவாக நாசர் படை அனுப்பினார். எதிர்த்தரப்புக்கு சவுதி உதவியது. அரபு நாட்டானும் அரபு நாட்டானும் அடித்துக்கொண்ட அந்த மலைகளில் ஒரு கட்டத்தில் எகிப்தின் 70,000 பேர் வரை சிக்கியிருந்தார்கள்.

1967 மே. சிரியாவை இஸ்ரேல் தாக்கப்போகிறது என்று சோவியத்திலிருந்து தகவல், அது தவறான தகவல். ஏமனில் ராணுவத்தின் ஒரு பகுதி இருக்கும்போதே நாசர் சினாய்க்குப் படையை நகர்த்தினார். அமைதிப்படை விலக வேண்டும் என்ற கடிதம் அதன் தளபதியான இந்தியர் ரிக்யேயின் கையில் கொடுக்கப்பட்டது. பிறகு டிரான் ஜலசந்தியை இஸ்ரேல் கப்பல்களுக்கு மூடினார். ஜூன் 5 காலை ஆமிர் சினாய்க்கு விமானத்தில் பறந்துகொண்டிருந்தார். அவர் விமானத்தைச் சுட்டுவிடக் கூடாதே என்று விமான எதிர்ப்புப் பீரங்கிகளைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து இஸ்ரேல் விமானங்கள் வந்தன. சில மணி நேரத்தில் எகிப்து விமானப்படையின் பெரும்பகுதி மறுபடியும் தரையிலேயே சாம்பல். தளபதி? அதே சித்கி மஹ்மூத்! மறுநாள் ஆமிர் பின்வாங்கச் சொல்லி உத்தரவிட, படை சிதறி ஓடியது. ரேடியோ மட்டும் எதிரி விமானங்களை விழுத்திக்கொண்டே இருந்தது. செத்தவர் பத்தாயிரத்துக்கு மேல் என்று நாசரே பின்னால் ஒப்புக்கொண்டார்.

ஜூன் 9 இரவு டெலிவிஷனில் தோன்றி ராஜினாமா என்றார். அவ்வளவுதான், கெய்ரோ தெருவில் ஜனம் ஜனமாக இறங்கி, போகாதே என்று அழுதது. அது ஏற்பாடு செய்த கூட்டம் என்பவர்கள் உண்டு. அத்தனை லட்சம் பேரை ஒரு ராத்திரியில் யாரால் ஏற்பாடு செய்ய முடியும்? மறுநாள் ராஜினாமாவை வாபஸ் வாங்கினார். ஆமிர் கைதாகி செப்டம்பர் 14 அன்று இறந்தார். தற்கொலை என்றது அரசு, இல்லை என்றது குடும்பம். நாசர் அதிலிருந்து மீளவே இல்லை.

நம்ம மாதிரி மாணவர்களுக்கு முக்கியமான ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் விடமுடியாது. 1968 பிப்ரவரியில் விமானப்படை அதிகாரிகளுக்கு லேசான தண்டனை, சிலருக்கு விடுதலை என்று தீர்ப்பு வந்ததும் ஹெல்வான் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். அடுத்து மாணவர்கள். கெய்ரோ பல்கலைக்கழக இன்ஜினியரிங் மாணவர்கள் கல்லூரிக்குள்ளேயே உள்ளிருப்புப் போராட்டம் நடத்தி, பேச்சுரிமை, பத்திரிகைச் சுதந்திரம், உண்மையான பார்லிமெண்ட் என்று கோரிக்கை வைத்தார்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் போகாதே என்று அழுத அதே ஜனம்தான்! நாசர் மறு விசாரணைக்கு உத்தரவிட்டார், மார்ச் 30 அன்று சீர்திருத்தத் திட்டம் ஒன்றையும் அறிவித்தார். அதில் நடந்தது கொஞ்சம், நடக்காதது அதிகம்.

அணை மட்டும் நிற்காமல் வளர்ந்தது. சோவியத் உதவியோடு 1960 ஜனவரியில் தொடங்கி, 1964 மேயில் நதியைத் திருப்பி, 1970 ஜூலையில் முடித்தார்கள். சுமார் 500 கிலோமீட்டர் நீள ஏரி. எகிப்திலும் சூடானிலுமாக ஏறத்தாழ ஒரு லட்சம் நூபியர்கள் வீடு வாசலை விட்டுப் போனார்கள். வண்டல் மண் வயலுக்கு வராமல் நின்றது, உரம் வாங்க வேண்டியதாயிற்று. ஆனால் 1980-களில் ஆப்பிரிக்காவின் அந்தப் பக்கம் வறட்சியில் வாடியபோது எகிப்தின் வயலுக்குத் தண்ணீர் தந்தது இதே ஏரிதான்.

நாசருக்குச் சர்க்கரை வியாதி, இருதயக் கோளாறு. டாக்டர்கள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். 1970 செப்டம்பரில் ஜோர்டானில் ராஜா ஹுசைனின் ராணுவமும் பாலஸ்தீனப் போராளிகளும் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்தார்கள். அரபுத் தலைவர்களைக் கெய்ரோவுக்கு வரவழைத்து, இரவு பகலாகப் பேசி, 27-ஆம் தேதி ஹுசைனையும் அராஃபத்தையும் கையெழுத்துப் போட வைத்தார். 28-ஆம் தேதி குவைத் அமீரை வழியனுப்ப விமான நிலையம் போனார். வீடு திரும்பினார். அன்று மாலை உயிர் பிரிந்தது. வயது 52. அக்டோபர் 1 அன்று நடந்த இறுதி ஊர்வலத்தில் கூடியவர்கள் ஐம்பது லட்சம் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

அணையின் திறப்பு விழா 1971 ஜனவரி 15 அன்று, அவருடைய பிறந்த நாளில் நடந்தது. கால்வாய் அப்போதும் மூடித்தான் கிடந்தது. 1967 போரில் உள்ளே மாட்டிக்கொண்ட 14 கப்பல்கள் பெரிய கசப்பு ஏரியில் நங்கூரம் போட்டு, பாலைவன மணல் படிந்து மஞ்சளாகிக்கொண்டிருந்தன. 1975-இல் கால்வாய் மறுபடி திறந்தபோது சொந்த இன்ஜினில் ஊர் போய்ச் சேர்ந்தவை இரண்டே ஜெர்மன் கப்பல்கள்.